பாய் விரித்தால் பரவெளி

கலைகளில் உயர்ந்தது எது என்று கேட்டால் சிலர் சங்கீதம் என்பார்கள், சிலர் வைத்தியம் என்பார்கள். விடியற்காலையில் எழுந்து சாதகம் பண்ணி, தொண்டை கட்டி, குருவிடம் திட்டு வாங்கி, பல வருஷம் கழித்து ஒரு வர்ணத்தை ஒழுங்காகப் பாடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வைத்தியம் படிக்கிறவர்கள் கதி அதைவிட மோசம். படித்து முடித்ததும் நோயாளி பிழைத்தானா இல்லையா என்று நாலு பேர் கேட்டுவிடுகிறார்கள். படுத்துக்கொண்டே கற்கலாம், கற்றது உண்மையா என்று எவரும் சோதிக்க முடியாது, நடுவில் தூங்கிவிட்டாலும் வருகைப் பதிவு உண்டு. இப்படியொரு கலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இவர்கள் ஏன் இப்படி அல்லாடுகிறார்களோ!

ஆஸ்ட்ரல் ப்ரொஜெக்‌ஷன் என்று அதற்குப் பெயர். சூட்சும உடல் பயணம் என்று நம் பக்கத்துப் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். சதையும் எலும்புமான உடம்பைக் கட்டிலில் கிடத்திவிட்டு, உள்ளே இருக்கும் சூட்சும உடம்பை மட்டும் உருவிக்கொண்டு வெளியே போய்வருவது. தட்கல் டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம். சேர்க்கைக்கு ஒரே தகுதி, மல்லாந்து படுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்முறையும் சுலபம். நாலைந்து மணி நேரம் தூங்கியதும் அலாரம் அடிக்க எழுந்துகொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் விழித்திருந்துவிட்டு மறுபடி படுக்க வேண்டும். கால் கட்டைவிரலில் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வொரு அங்கமாகத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். உடம்பு தூங்கலாம், மனசு தூங்கக் கூடாது. கண்ணை மூடியபடியே வண்ணங்கள் மிதக்கும். காதில் ரீங்காரம் கேட்கும். யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உடம்பு முழுக்க ஓர் அதிர்வு ஓடும். அதுதான் புறப்படும் முகூர்த்தம். ராபர்ட் புரூஸ் என்கிற ஆசான் இந்த இடத்தில் கயிறு முறையைக் கையாளச் சொல்கிறார்: மேலே இருந்து ஒரு கயிறு தொங்குவதாக நினைத்துக்கொண்டு, நிஜக் கையை அசைக்காமல் நினைப்புக் கையால் அதைப் பற்றி ஏற வேண்டும். கயிறு ஏற அஞ்சுகிறவர்களுக்கு அமெரிக்காவின் ராபர்ட் மன்றோ வேறு வழி சொன்னார். படுக்கையில் புரள்கிற மாதிரி, ஆனால் உடம்பைப் புரட்டாமல், புரண்டு வெளியே விழுந்துவிடலாம். சோம்பேறிகள் மீது இத்தனை கரிசனம் காட்டிய கல்விமுறை வேறு உண்டா?

இந்த முகூர்த்தம் நம் பாட்டிமாருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் அதை அமுக்குவான் பேய் என்றார்கள். நடுராத்திரியில் விழிப்பு வரும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும், அறைக்குள் ஆள் நிற்பது தெரியும். தலைமாட்டில் இரும்பையோ விளக்குமாற்றையோ வைத்து அதை விரட்டினார்கள். உறக்க ஆய்வாளர்கள் சொல்கிற காரணம் இன்னும் சப்பென்று இருக்கும். கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைச் செயலிழக்க வைக்கிறது. அந்தப் பூட்டு திறப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் உடம்பு மரக்கட்டை, கனவு மட்டும் அறைக்குள் தொடரும். 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தூங்குகிறவர்களை இடையில் எழுப்பி மறுபடி தூங்கவிட்டு, இந்த நிலையை ஆய்வகத்திலேயே வரவழைத்துக் காட்டினார்கள். இடையில் எழுப்பு, மறுபடி படுக்க வை: நம் பயிற்சி நூல்கள் சொல்வதும் இதையேதான். ஆய்வாளர்கள் இதற்கு உறக்க முடக்கம் என்று வறட்டுப் பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். பயிற்சி நூல்களோ பிரபஞ்சத்தின் வாசல் என்று பெயர் வைத்து விலையும் வைத்தன. பாட்டி விளக்குமாற்றால் விரட்டிய ஆசாமியைப் பேரன் கட்டணம் கட்டி வரவழைக்கிறான். பேய்களுக்கும் ஒரு காலம் வரத்தான் வருகிறது.

இந்தக் கல்வியில் தோல்வி என்பதே கிடையாது. இதை எத்தனை புகழ்ந்தாலும் தகும். வெளியே போன மாதிரி தெரிந்தால் வெற்றி. அதிர்வு மட்டும் வந்ததா, பாதி வெற்றி. கால் மரத்துப்போனதா, சூட்சும உடம்பு பாதம் வழியாகக் கழலத் தொடங்கிவிட்டது. பயந்து எழுந்துவிட்டீர்களா, வாசலைக் காக்கும் சக்தி உங்களைச் சோதிக்கிறது. ஒன்றுமே நடக்காமல் குறட்டை விட்டுத் தூங்கிப்போனீர்களா, கவலையே வேண்டாம். போய்விட்டுத்தான் வந்தீர்கள், ஞாபகம் இல்லை. சில்வன் மல்டூனும் ஹியர்வர்டு காரிங்டனும் 1929இல் எழுதிய நூலின்படி, உறங்குகிற ஒவ்வொருவரின் சூட்சும உடம்பும் இரவுதோறும் இம்மியளவாவது விலகித்தான் இருக்கிறது. ஆக நீங்களும் நானும் தொட்டிலிலேயே பட்டம் வாங்கியவர்கள். கட்டணம், அது ஞாபகம் வருவதற்கு.

இந்தக் கலையின் வரலாற்றில் சென்னைக்கு உள்ள இடத்தைச் சொல்லாமல் விட்டால் ஊர்த்துரோகம். 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றங்கரைக்குக் குடிவந்தது. மறு வருஷம் நவம்பரில், வடக்கே மொரதாபாத்தில் இருந்த தாமோதர் மாவ்லங்கர் என்ற இளம் சீடர் சூட்சும உடம்போடு அடையாறு வரை வந்து சபையின் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்துத் திரும்பினாராம். வந்தது மெய்தான் என்பதற்குச் சாட்சி என்ன? அடையாற்றிலிருந்து மொரதாபாத்துக்குத் தந்தி போனது. அந்தப் பணிவைப் பாருங்கள். பிரபஞ்சத்தின் மறைசக்தி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நொடியில் ஓடிவிட்டு, தந்தி இலாகாவின் சான்றுக்குக் கைகட்டிக் காத்திருந்தது. லண்டனிலிருந்து விசாரிக்க வந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் தமது 1885 அறிக்கையில், இதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் முடிகிற காரியம்தானே என்று எழுதிவிட்டுப் போனார். வெள்ளைக்காரருக்குக் கற்பனை போதாது.

கற்பனை போதிய வெள்ளைக்காரரும் பின்னால் வந்து சேர்ந்தார். சார்லஸ் லெட்பீட்டர் 1895இல் ஆஸ்ட்ரல் உலகத்துக்கென்றே ஒரு நூல் எழுதியவர். செவ்வாய்க் கிரகத்தையும் விட்டுவைக்காமல் அங்கே வசிக்கிற மக்களையும் ஓடுகிற கால்வாய்களையும் வர்ணித்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் பெர்சிவல் லோவெல், செவ்வாயில் கால்வாய்கள் தெரிகின்றன என்று தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊனக்கண்ணும் ஞானக்கண்ணும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்த காலம் அது. 1965இல் மாரினர் 4 விண்கலம் அருகே போய்ப் படம் எடுத்தபோது பள்ளங்கள் இருந்தன, கால்வாய்களைக் காணோம். ஆஸ்ட்ரல் பயணிகளின் அடக்கத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? கிரகம் கிரகமாகப் போய்வந்தாலும், அன்றைய பத்திரிகையில் வந்ததற்கு மேல் ஒரு வரி அதிகமாகச் சொல்லி விஞ்ஞானிகளை அவர்கள் சங்கடப்படுத்துவதில்லை.

அமெரிக்காவின் இங்கோ ஸ்வான் மட்டும் 1973இல் கொஞ்சம் துணிந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே வியாழனைப் பார்த்து, அதைச் சுற்றி வளையம் இருக்கிறது என்றார். 1979இல் வாயேஜர் விண்கலம் வளையத்தைக் கண்டது. பக்தர்கள் இன்றுவரை மகிழ்கிறார்கள். அதே மூச்சில் முப்பதாயிரம் அடி மலைத்தொடர்களையும் வியாழனில் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். வியாழன் வாயுக்கோளம், மலை நிற்கத் தரையே கிடையாது. நல்ல மாணவர்கள் பலித்ததை எழுதிவைத்துக்கொண்டு பலிக்காததை மன்னித்துவிடுவார்கள். மன்னிப்பு பெரிய குணம்.

மன்றோவுக்கு வருவோம். வானொலி வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். 1958இல் உடம்பை விட்டு வெளியேறியதாகச் சொன்ன அவர், 1971இல் அதை நூலாக்கினார். பிறகு ஒரு நிறுவனம் கண்டு, தங்கிப் பயிலும் வகுப்புகளும் ஒலிநாடாக்களும் அளித்தார். ஒரு காதில் 300 ஹெர்ட்ஸ், மறு காதில் 304 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளை விட்டால், மூளை இரண்டையும் சேர்த்து வினாடிக்கு நாலு துடிப்பாகக் கேட்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய இயற்பியலாளர் டோவ் கண்டுசொன்ன விஷயம். டோவ் அதைக் காது பற்றிய ஓர் உண்மையாகக் கருதியதோடு நின்றுவிட்டார், பாவம். அது பரவெளிக்கான படிக்கட்டு என்று கண்டுகொள்ள வானொலி வியாபாரம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

அமெரிக்க ராணுவமே அந்தப் படிக்கட்டை மதித்தது. 1983இல் வெய்ன் மெக்டானல் என்ற அதிகாரி மன்றோவின் பயிற்சியை ஆராய்ந்து, பிரபஞ்சம் ஒரு ஹோலோகிராம் என்கிற ரீதியில் அறிக்கை எழுதினார். 2003இல் அது வெளியானபோது 25ஆம் பக்கத்தைக் காணவில்லை. பரமரகசியம் அந்தப் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்று உலகமே பேசிற்று. இத்தனை ஆயிரம் பேர் இரவுதோறும் சுவரைத் துளைத்து உலாப் போகிறார்களே, ஒருவராவது ராணுவத்தின் அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்து அந்த ஒரு தாளை வாசித்துவிட்டு வந்திருக்கலாமே என்று அற்பர்கள் கேட்கலாம். பிறர் அலமாரியைத் திறப்பது பண்பாடு அல்ல. பிற்பாடு அந்தப் பக்கம் கிடைத்தபோது, எல்லாக் காகிதமும் கிடைக்கிற வழியில், ஒரு பிரதியாகத்தான் கிடைத்தது. இந்தக் கலையின் உறவுமுறையான, உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிற தொலைப்பார்வையை உளவுக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு இருபது வருஷத்துக்கு மேல் ஏறக்குறைய 2 கோடி டாலர் செலவழித்தது. உளவுக்கு உதவும் தகவல் ஒன்றும் தேறவில்லை என்று 1995இல் கடையைக் கட்டியது. இருபது வருஷம் சம்பளத்தோடு கண்ணை மூடி உட்காரும் பாக்கியம் வேறு எந்த ராணுவத்தில் கிடைக்கும்?

சோதனை என்று கிளம்பியவர்களுக்கும் இந்தக் கலை வஞ்சகம் செய்யவில்லை. 1968இல் வெளியான ஓர் ஆய்வில் சார்லஸ் டார்ட் என்ற உளவியலாளர், உடம்பை விட்டு வெளியேறுவதாகச் சொன்ன ஓர் இளம்பெண்ணை ஆய்வகத்தில் தூங்க வைத்தார். கட்டிலுக்கு மேலே, படுத்திருப்பவர் கண்ணுக்கு எட்டாத பலகையில், ஐந்து இலக்க எண் ஒன்றை வைத்தார். ஒரு நாள் காலையில் அந்தப் பெண் எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டார்: 25132. சுவர்க் கடிகாரத்தின் மேற்பரப்பில் எண்ணின் பிம்பம் விழுந்திருக்க வழியுண்டு என்பதை டார்ட் மறைக்காமல் எழுதினார். அதற்கென்ன? அந்த ஐந்து இலக்கத்தை வைத்து அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு துறையே குடும்பம் நடத்திவருகிறது. சிக்கனத்தில் இதற்கு ஈடு இல்லை.

பிறகு சாம் பார்னியா என்ற மருத்துவர் 15 மருத்துவமனைகளில் கூரையருகே பலகைகள் அடித்து, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படங்களை வைத்தார். இதயம் நின்ற 2,060 நோயாளிகளின் கதையை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார். படத்தைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. தன்னைச் சுற்றி நடந்ததை ஒருவர் ஓரளவு சரியாகச் சொன்னார். அவர் கிடந்த இடத்தில் பலகை இல்லை. பலகை இல்லாத இடமாகப் பார்த்து ஆன்மா விடைபெறுகிறது. விளம்பரத்துக்கு இப்படிக் கூச்சப்படுவது மகான்களின் லட்சணம்.

குறைப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு. சூசன் பிளாக்மோர் 1970இல் ஆக்ஸ்போர்டில் மாணவியாக இருந்தபோது வெளியே பறந்தவர். அத்தோடு ஆனந்தப்பட்டிருக்க வேண்டும். பறந்தபோது கண்ட கூரைகளையும் புகைபோக்கிகளையும் பிற்பாடு கீழே நின்று சரிபார்த்தார்; கண்டபடி இல்லை. அந்த ஒரு சரிபார்ப்பால் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆராய்ச்சியில் கழிக்கும்படி ஆயிற்று. 2002இல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கேயின் குழு, வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மூளையில் வலப்பக்கம் ஓர் இடத்தில் மின்சாரம் கொடுத்தது. அந்தப் பெண் உயரத்திலிருந்து தன் உடம்பைப் பார்த்தார். அதிலும் கால்களும் கீழ்ப்பாதியும் மட்டுமே தெரிந்தன. உடம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணும் காதும் தோலும் சொல்கிற சேதிகளை மூளை ஓரிடத்தில் சேர்த்துத்தான் 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற உணர்வை உண்டாக்குகிறது. அந்தச் சேர்ப்பு குலைந்தால் 'நான்' கூரைக்குப் போய்விடுகிறது என்றார்கள். மண்டைக்குள்ளேயே முடிகிற பயணத்துக்கு மடம் எதற்கு, மன்றோ எதற்கு என்று கேட்கத் தூண்டுகிற பொறுப்பில்லாத ஆராய்ச்சி.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டுப் பரண் போதும். பயிற்சி முடித்த பிள்ளையிடம், "தம்பி, சூட்சும உடம்போடு கூரைக்குத்தான் போகிறாயே, போகிற வழியில் பரண்மேல் நம்ம பெரிய அண்டா இருக்கா, அத்தை வீட்டுக்குப் போயிடுச்சா, பார்த்துச் சொல்லப்பா" என்று கேட்டுப் பாருங்கள். சூட்சும உலகின் ஏழு தளங்களையும் தரிசித்தவன் பரணைத் தரிசித்ததில்லை. அது தாழ்ந்த அதிர்வுள்ள இடம் என்பான். கடைசியில் நீங்களே ஸ்டூல் போட்டு ஏறுவீர்கள்.

பழைய காலத்து ஆட்களை இவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் குறைகள் பளிச்சென்று தெரியும். திருமூலர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, அவனைச் சுற்றிப் பசுக்கள் கண்ணீர் விட்டதைக் காணப் பொறுக்காமல் அந்த உடம்புக்குள் புகுந்தார் என்பார்கள். திரும்பிப் பார்த்தால் சொந்த உடம்பைக் காணோம். மேய்ப்பன் உடம்பிலேயே தங்கி, ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாடினாராம். அருணகிரிநாதரோ அரசனின் கண்பார்வைக்காகப் பாரிஜாத மலர் கொண்டுவரக் கிளி உடம்பில் புகுந்து பறந்தார். வருவதற்குள் எதிரியான சம்பந்தாண்டான் அவர் உடம்பை எரித்துவிட்டான். கிளியாகவே இருந்து பாடினார் என்று திருவண்ணாமலையில் கிளி கோபுரத்தைக் காட்டிச் சொல்வார்கள். எவ்வளவு அபாயகரமான முறை! பிறர் துயரம் கண்டு புறப்பட வேண்டும், உடம்பைப் பறிகொடுக்க வேண்டும், வந்த பிறகு வேலை வேறு செய்ய வேண்டும். இன்றைய முறையில் வெள்ளிக் கயிறு ஒன்று உடம்போடு கட்டியே இருக்கிறது; அறுந்ததாகப் புகாரே இல்லை. யாருக்காகவும் புறப்பட வேண்டியதில்லை. திரும்பும்போது ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை.

வீட்டில் கிடைக்கிற லாபத்தையும் சொல்ல வேண்டும். மூன்று மணி அலாரத்துக்கு வீடு முழுக்க எழுந்துகொள்கிறது. பயணி மட்டும் மறுபடி படுத்துக்கொள்கிறார். பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார். அந்த அறைக்குப் போகச் சூட்சும உடம்பு உதவாது. எழுந்து நடந்து வெந்நீர் வைக்க வேண்டும், அது ஸ்தூல வேலை. அந்த நேரத்தில் பயணி கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு அன்பு அலைகளை அனுப்பிக்கொண்டிருப்பார். உறக்கத்தில் சூட்சும உடம்போடு போய் ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றும் 'கண்ணுக்குத் தெரியாத உதவியாளர்கள்' பற்றி லெட்பீட்டர் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ராத்திரி இத்தனை பேரைக் காப்பாற்றியவர் பகலில் ஒரு பாட்டிக்குப் பேருந்தில் இடம் கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. களைப்பாக இருக்கும்.

கடைசியாக, இந்தப் படுக்கைக் கல்வி உலகுக்குத் தந்த தலைமாணாக்கர். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் கண்டெடுத்த சிறுவன், ஜே. கிருஷ்ணமூர்த்தி. பகல் பள்ளியில் மந்தம் என்று பெயர் எடுத்தவன். அவனுக்கு இரவுப் பள்ளி ஏற்பாடாயிற்று. இரவுதோறும் லெட்பீட்டர் அவனைச் சூட்சும உடம்பில் சபையார் நம்பிய குருதேவரின் இல்லத்துக்கு அழைத்துப் போவாராம். அங்கே கால் மணி நேரம் பாடம். காலையில் எழுந்ததும் பையன் நினைவிலிருந்து எழுதிவைப்பானாம். 1910இல் அது 'குருவின் பாதங்களில்' என்ற ஆங்கில நூலாகவே வந்துவிட்டது. பையனுக்கு அப்போது அவ்வளவு ஆங்கிலம் தெரியாதே என்று சந்தேகித்தவர்கள் உண்டு. ராத்திரியில் இலக்கணமும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

1929 ஆகஸ்டில், ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான அடியார்கள் கூடியிருக்க, அந்த மாணவர் எழுந்து நின்று, தமக்கென்றே தனியாக அமைத்த சங்கத்தைத் தாமே கலைத்தார். உண்மையை அடைய அமைப்பும் குருவும் துணை வரமாட்டார்கள் என்றார். கல்வித் துறைக்கு இது பேரிடிதான். ஆனால் நாம் மனம் தளர வேண்டியதில்லை. அந்தச் சிறுவயது நாட்களில் பெரும்பகுதி தமக்கு நினைவே இல்லை என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நினைவில்லாமல் இருப்பதுதான் போய்வந்ததற்கு அத்தாட்சி என்பது பயிற்சி விதி. அந்த விதிப்படி, குருதேவர் வீட்டுக்கு இரவு தவறாமல் போய்வந்தவர் அவர் ஒருவரே. அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம்.